கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கும் உரிமை

தண்ணீரும் சாலையும் இயந்திரமும் மனித உடலைப் பதம் பார்க்கும் சூளகிரி வட்டாரத்தில், மாற்றுத்திறனாளிகளுக்குச் சேர வேண்டியது பரிதாபமா, பங்கா?

முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே சூளகிரியைக் கடந்துவிடுகின்றன. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும். ஒரு பக்கம் கொத்தமல்லி, புதினா, தக்காளித் தோட்டங்கள், மறுபக்கம் சிப்காட் தொழிற்பூங்கா. கைக்கடிகாரம், கனரக லாரி, மின்சார ஸ்கூட்டர், செல்போன் உதிரிபாகம் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகாத பொருள் குறைவு. வேலை தேடிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள்.

அந்தக் கம்பெனி பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று, அதில் தாவி ஏறுகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். போலியோவால் கால் வலுவிழந்தவருக்கு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு படிதான். 2018-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே 23.8 சதவீதம்தான். மீதிப் பேர் கணக்கிலேயே இல்லை. உழைக்க மனம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. வாசல் திறக்காது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

தண்ணீர், சாலை, இயந்திரம்

ஊனம் என்றால் பிறவியில் வருவது, யாரோ ஒரு வீட்டின் தலைவிதி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த வட்டாரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

முதலில் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளில் ஃபுளோரைடு அதிகம். அது கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பல்லில் முதலில் பழுப்புக் கறை தெரியும். ஆண்டுக்கணக்கில் அதையே குடித்தால் மூட்டு இறுகும், முதுகு விறைக்கும், கால் வளையும். இதற்கு முடிவு கட்டத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் கட்டி, 2013 மே 29 அன்று தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் குடித்து வளரும் குழந்தைகள் தப்பிக்கலாம். அதற்கு முன்பே எலும்பில் ஏறிய நஞ்சை எந்தக் குழாயாலும் இறக்க முடியாது.

அடுத்தது சாலை. 2016 ஜூனில் இதே கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் மேலுமலை அருகே பஸ்ஸும் லாரியும் காரும் மோதிய விபத்தில் 17 பேர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொரு விபத்திலும் இறந்தவர் எண்ணிக்கை தலைப்புச் செய்தியாகிறது. கால் இழந்தவரும் முதுகுத்தண்டு முறிந்தவரும் ‘படுகாயம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கி, மறுநாள் செய்தியிலிருந்து மறைந்துபோகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்தது. பல உயிர்களைக் காக்கும் நல்ல திட்டம். பிழைத்தவருக்கோ நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில் இன்னொரு போராட்டம் தொடங்குகிறது. மாடி வீட்டுக்கு எப்படி ஏறுவது, பழைய வேலை கிடைக்குமா, கடனை யார் கட்டுவது என்ற கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவது இயந்திரம். வாகன உதிரிபாகத் தொழிலின் முதுகெலும்பு பவர் பிரஸ். தகட்டை வைத்து எடுக்கும் கை, அச்சு இறங்கும் நொடியில் உள்ளே இருந்தால் விரல் போகும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தானும், கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரும் இருந்தால் இந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம். ‘சேஃப் இன் இந்தியா’ என்ற தொண்டு அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற பெயரில் ஆண்டுதோறும் இதைப் பற்றி அறிக்கை வெளியிடுகிறது. பெரிய வாகன நிறுவனங்களுக்குப் பாகம் செய்து தரும் ஆலைகளில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் வெளிமாநிலத்தவரும் விரல் இழப்பதை அந்த அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. அந்த அமைப்பு பணியைத் தொடங்கியது ஹரியானாவின் குருகிராம்–மானேசர் பட்டறைகளில். அதே உதிரிபாகத் தொழிலை நம்பி வளர்ந்த ஊர்தான் ஓசூரும்.

ஒருவர் எப்படி மாற்றுத்திறனாளி ஆனார் என்பதை வைத்து அவருடைய உரிமை கூடவோ குறையவோ செய்யாது. பிறவியிலேயே காது கேளாதவரும் பிரஸ்ஸில் விரலைப் பறிகொடுத்தவரும் சட்டத்தின் முன் ஒன்றுதான். ஆனாலும் காரணங்களை இப்படி வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இது தனி வீட்டுத் துயரம் என்று ஊரும் அரசும் ஆலையும் கை கழுவிவிட முடியாது.

“எத்தனை பர்சண்ட்?”

சர்டிபிகேட் கேட்டுப் போகும் எவரையும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. இந்தச் சதவீதக் கணக்கில்தான் பலருடைய வாழ்க்கை சிக்கிக் கிடக்கிறது.

வேலையில் நேரும் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50 சதவீதம் வருவாய்த் திறன் இழப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சதவீதப்படி இழப்பீட்டுத் தொகை வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் கணக்கு வேறு. அதன்படி 40 சதவீதம் என்று மருத்துவர் சான்று தந்தால்தான் இடஒதுக்கீடும் பல உதவிகளும் கிடைக்கும். இரண்டையும் கணக்கிடும் முறை வேறு வேறு. சுட்டுவிரல் இழந்து ஸ்பேனர் பிடிக்க முடியாமல் வேலையை விட்டவர், இழப்பீட்டுக்கு ஊனமுற்றவராகவும் இடஒதுக்கீட்டுக்கு உடல் நலமுள்ளவராகவும் கருதப்படலாம்.

சட்டத்தை முழுதும் படித்தால் இன்னொரு உண்மை தெரியும். யார் மாற்றுத்திறனாளி என்று சொல்லும் இடத்தில் அது சதவீதமே கேட்கவில்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சமூகத்தில் உள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாக வாழவிடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி. இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்குத்தான் 40 தேவை. பாகுபாடு காட்டாமல் நடத்தப்படும் உரிமைக்கு அது தேவையில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அழுத்தமாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள மருத்துவரான விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆளைக் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று அதை மறுக்கக் கூடாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒருவரின் தேவைக்கு ஏற்ப நியாயமான மாற்றம் செய்து தருவது சலுகை ஆகாது, சமத்துவத்தின் பகுதி என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சான்றிதழ் வாங்குவதே ஒரு மலையேற்றம்தான். 2018 கணக்கெடுப்பில், நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதம் பேரிடம்தான் சான்றிதழ் இருந்தது. சூளகிரியின் உள்கிராமத்தில் இருப்பவர் ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வர வேண்டும். ஒரு நடைக்கு இரண்டு பேரின் நாள் கூலி போகிறது. அன்றைக்கு அந்த டாக்டர் வரவில்லை என்றால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 2016-இல் 21 ஆகிவிட்டன. ஆட்டிசம், பார்க்கின்சன், ரத்தம் உறையாமை, தலசீமியா எல்லாம் பட்டியலில் வந்துவிட்டன. அவற்றைச் சோதித்துச் சான்று தரும் நிபுணர்கள் மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டி வந்துசேர வேண்டாமா?

வாசலைத் திறந்து காட்டிய ஊர்

‘ஃபேக்டரியில் இவர்களால் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் ஓசூரிலேயே இருக்கிறது. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகார ஆலையை நிறுவியது. தொடக்க ஆண்டுகளிலேயே அந்த ஆலை மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தது. நுண்ணிய பாகங்களை ஒன்றுசேர்க்கும் வேலைக்கு வேண்டியது கூர்ந்த கவனமும் நிதானமான கையும். ஓடியாடும் கால்களும் சத்தம் கேட்கும் காதும் அதற்குக் கட்டாயம் இல்லை. எந்த வேலைக்கு எந்தத் திறன் உண்மையில் தேவை என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்தாலே பாதித் தடை விலகிவிடும்.

மீதித் தடைக்கும் பெரிய செலவில்லை. காது கேளாதவர் இருக்கும் லைனில் சைரனோடு ஒரு எச்சரிக்கை விளக்கு. சக்கர நாற்காலிக்கு ஏற்ற உயரத்தில் மேசை. கழிப்பறைக்கு ஒரு சரிவுப் பாதை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பெனி பஸ்ஸில் தாழ்வான படி. புதிதாகக் கட்டும் ஆலைகளில் வரைபடத்திலேயே இவற்றைச் சேர்த்துவிட்டால் கூடுதல் செலவு சொற்பம்.

அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டை 2016 சட்டம் கட்டாயமாக்கியது. தனியார் துறைக்கு வந்தபோது அதன் குரல் தாழ்ந்துவிட்டது. பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று 35-ஆவது பிரிவு அரசிடம் சொல்கிறது, அவ்வளவுதான். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, வேறு பணி தர வேண்டும் என்ற 20-ஆவது பிரிவின் காப்பும் அரசு நிறுவன ஊழியர்களுக்கே. நிறக்குருடு என்று நீக்கப்பட்ட தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப் பணி தர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிப்காட்டில் காண்ட்ராக்ட்டில் இருப்பவர் விரலை இழந்தால், அடுத்த மாதம் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். அவரை நீக்கியதாகக்கூட எங்கும் பதிவாகாது.

ஆனாலும் தனியார் நிறுவனத்தைக் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது. 21-ஆவது பிரிவின்படி, தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி அறிவித்தாக வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, அவர்களுக்கு என்ன வசதி, பொறுப்பான தொடர்பு அலுவலர் யார் என்பதை எல்லாம் அதில் சொல்ல வேண்டும். இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள ஆலைகளில் எத்தனை இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கின்றன என்று தொழிற்சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்கட்டும்.

அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் மானியமும் பேசி ஒப்பந்தம் போடும்போது, இத்தனை பேருக்கு வேலை தருவோம் என்று எழுதி வாங்குகிறார்கள். அதில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன தடை?

எல்லைக்கு இந்தப் பக்கம்

மூன்று மாநிலங்கள் தொட்டுக்கொள்ளும் மாவட்டம் இது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம், வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் ஆந்திரத்தின் குப்பம். அதனால் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க இங்குள்ளவர்களுக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. அக்கம்பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக வரும் மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் ரூ.1,000-இலிருந்து ரூ.1,500 ஆனது. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் ரூ.6,000, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ரூ.15,000. மத்திய அரசின் பங்கோ, அதுவும் 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள வறியவருக்கு மட்டும், 2012 முதல் ரூ.300. ஆந்திரத்துக்கு இணையாக உயர்த்தித் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடிவருகின்றன. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. சக்கர நாற்காலிக்கும் மருந்துக்கும் துணை வரும் ஆளுக்கும் ஆகும் செலவு மாநில எல்லையைப் பார்த்துக் குறைவதில்லை.

தமிழ்நாடு வழிகாட்டிய இடமும் உண்டு. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்ற ஏற்பாடு இங்கே வந்தது, சங்கங்கள் போராடிப் பெற்றது. ஆளுக்கு ஏற்ப வேலையை மாற்றி அமைக்கலாம், கூலியைக் குறைக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. ஏரிக்கரையில் முடிந்தது ஏ.சி. போட்ட ஆலைக்குள் ஏன் முடியாது?

சங்கிலியும் சொல்லும்

உரிமையைப் பேசும்போது மானத்தை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியின்றி 28 பேர் கருகிப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. நாட்டின் தலைசிறந்த மனநல நிறுவனம் இவ்வளவு அருகே இருந்தும், ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று கோயில் கோயிலாக அலைந்து, கடைசியில் வீட்டின் பின்கட்டில் பூட்டிவைக்கப்படுபவர்கள் கிராமங்களில் உண்டு. அந்தக் குடும்பத்தைக் கொடூரமானது என்று சொல்லிவிடுவது சுலபம். பகலெல்லாம் வேலைக்குப் போனால்தான் சோறு என்கிற வீட்டில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில், பூட்டு ஒரு கையாலாகாத்தனம். பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்று ஒன்றியத்துக்கு ஒன்றாவது வந்தால் பல பூட்டுகள் தானே திறக்கும்.

சொல்லாலும் கட்டிவைக்கிறோம். ஊரில் ஒருவரைக் குறைபாட்டைச் சொல்லியே கூப்பிடுகிறோம். பெயர் இருந்தும் அந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் வாழ்கிறது. 2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாகக் காட்டும் திரைப்படச் சித்திரிப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வகுத்தது. திக்கிப் பேசுபவரையும் காது கேளாதவரையும் வைத்துப் பல பத்தாண்டு சிரித்த தமிழ்த் திரைக்கும் அது பொருந்தும்.

மூளை முடக்குவாதம் உள்ள கொல்கத்தா செயற்பாட்டாளர் ஜீஜா கோஷை 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2016 மே மாதம், அவருக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். விமானத்தில் நடந்ததால் நாடு பேசியது. டவுன் பஸ்ஸில், ‘இலவசப் பயணம்தானே, அடுத்த வண்டியில வா’ என்று சொல்லப்படுவதும் அதே அவமானம்தான். அதற்கு வழக்குத் தொடுக்க யாரிடமும் நேரமோ பணமோ இல்லை.

முடிவெடுக்கும் நாற்காலி

கட்டடங்களும் சாலைகளும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரண், மூன்று மாதத்தில் கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்றது. ஒருவர் வழக்குத் தொடுத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் அது. திட்டம் தீட்டும் அறையில் மாற்றுத்திறனாளிகள் இருந்திருந்தால் இருபது ஆண்டு ஆகியிருக்காது.

அந்த அறையின் கதவைத் தமிழ்நாடு இப்போது திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்தன. கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர், நகர்ப்புற அமைப்புகளில் 650 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. ஊராட்சி அலுவலகத்துக்குச் சரிவுப் பாதை வேண்டும் என்று மனு எழுதி நின்றவரே, தீர்மானம் போடும் இடத்தில் உட்காரப்போகிறார். அந்தக் கூட்டம் நடக்கும் அறை மாடியில் இல்லாமல் பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் முதல் வேலை.

நீங்கள் செய்யக்கூடியவை

• மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க முடியாதவருக்கு இ-சேவை மையம் வரை துணை போங்கள். இந்த அட்டை நாடு முழுதும் செல்லும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் சொல்லுங்கள்.

• ஆலையில் விபத்து நடந்தால் அன்றே இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கை பதிவாகிறதா என்று பாருங்கள். ‘நாங்களே பார்த்துக்கிறோம்’ என்ற வாய்மொழி உறுதியோடு திரும்பாதீர்கள். நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகைக்கு அந்தப் பதிவுதான் அடிப்படை.

• இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வர மாதச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு ரூ.21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.25,000. இது தெரியாமலே பலர் விடுபட்டுப்போகிறார்கள்.

• குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் என்றால் ஒன்றியத்தில் உள்ள வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு.

• மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

• பாகுபாடோ அவமதிப்போ நடந்தால், கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஏற்பு ரசீது வாங்குங்கள்.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. 2016 சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இனிப் புதிதாக யாரும் வாக்குறுதி தர வேண்டியதில்லை, தந்ததை நிறைவேற்றினால் போதும். சூளகிரி வட்டாரம் ஆலைகளுக்கு நிலம் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, பிள்ளைகளின் உழைப்பைக் கொடுத்தது, சிலருடைய விரல்களையும் கொடுத்தது. அந்த ஆலைகளில் வேலை கேட்டு வரும் மாற்றுத்திறனாளியிடம் ‘எத்தனை பர்சண்ட்?’ என்று கேட்பதற்கு முன், ‘உங்களுக்கு என்ன வேலை தெரியும், அதைச் செய்ய இங்கே என்ன மாற்ற வேண்டும்?’ என்று கேளுங்கள். சட்டம் கேட்கச் சொல்வது அதைத்தான்.